நல்ல மனநல மருத்துவரை எப்படி அடையாளம் கண்டுகொள்வது? 'ஹோலிஸ்டிக்' சிகிச்சை என்கிறார்களே, அது நிஜத்தில் எப்படி இருக்கும்?

நான் டாக்டர் இல்லை, கவுன்சிலரும் இல்லை. என் அண்ணனுக்கு 2010-லிருந்து மனச்சிதைவு நோய், அதாவது ஸ்கிசோஃப்ரினியா. இத்தனை வருடத்தில் நாலைந்து டாக்டர்களைப் பார்த்தாயிற்று. அதில் ஒருவரை வைத்துத்தான் இந்தப் பதில். தம்பிக்கு டாக்டர் தேடுவதாகவும், எந்த விளம்பரத்தைத் திறந்தாலும் 'ஹோலிஸ்டிக்', 'அன்பான முழுமையான கவனிப்பு' என்று போட்டிருப்பதாகவும், அதற்கு என்னதான் அர்த்தம் என்றும் கேட்டிருந்தீர்கள். எங்கள் வீட்டைப் பொறுத்தவரை அதற்கு அர்த்தம் தையற்கடையில் வைத்திருப்பார்களே, அந்த இஞ்சு டேப். அதற்கு அப்புறம் வருகிறேன்.

அண்ணன் துவாக்குடிப் பக்கம் ஒரு பட்டறையில் வெல்டர். பெல் நிறுவனத்துக்கு வேலை எடுத்துச் செய்யும் பட்டறைகள் அங்கே வரிசையாக இருக்கும், திருச்சிக்காரர்களுக்குத் தெரியும். 27 வயதில் முதலில் தூக்கம் போனது. அப்புறம் பக்கத்து வீட்டு டிவியில் தன்னைப் பற்றிப் பேசுகிறார்கள் என்றான். அப்புறம் டிவி இல்லாமலே பேச்சு கேட்க ஆரம்பித்தது. எல்லோரும் செய்வதைத்தான் நாங்களும் செய்தோம். குணசீலம் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிப்போய், பக்கத்திலேயே அறை எடுத்து, ஒரு மண்டலம், 48 நாள் தங்கினோம். பூஜை முடிந்ததும் முகத்தில் தீர்த்தம் தெளிப்பார்கள். அண்ணன் முகத்தைத் துடைக்காமல் அப்படியே கண்ணை மூடி நிற்பான்.

இதை மூடநம்பிக்கை என்று இங்கே ஒருவர் கண்டிப்பாகக் கமெண்ட் போடுவார், தெரியும். ஆனால் அங்கே இருந்தவரை அவன் கொஞ்சம் நன்றாகத்தான் இருந்தான். தமிழ்நாட்டில் ஒரு முத்துசாமி கோயிலில் தங்கிய மனநோயாளிகளைப் பெங்களூரிலுள்ள நிம்ஹான்ஸ் மனநல நிறுவன ஆய்வாளர்கள் கவனித்து, 2002-ல் பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னலில் எழுதியிருக்கிறார்கள். 31 பேர், சராசரியாக ஆறு வாரம் தங்கியவர்கள், மாத்திரை எதுவும் இல்லை. நோயின் தீவிரம் ஏறக்குறைய 20 சதவீதம் குறைந்திருந்ததாம். மந்திரத்தாலோ சடங்காலோ அல்ல, யாரும் விரட்டாத, பயமுறுத்தாத இடம் என்பதால் இருக்கலாம் என்றார்கள். குணசீலத்தில் எனக்கும் அதுதான் தோன்றியது. அங்கே யாரும் அவனை "பைத்தியம்" என்று கூப்பிடவில்லை, சுற்றி இருந்தவர்கள் எல்லாம் அதே மாதிரி ஒரு பிள்ளையையோ மருமகளையோ கூட்டி வந்தவர்கள்தான். ஆனால் எங்களுக்கு அது போதவில்லை. ஊருக்குத் திரும்பி மூன்றே வாரத்தில் குரல்கள் பழையபடி வந்துவிட்டன.

அப்புறம்தான் ஒரு தனியார் டாக்டர். பெயர் வேண்டாம். கெட்டவர் என்று சொல்ல மாட்டேன். உள்ளே போனால் மூன்று நிமிடம், அந்த மூன்று நிமிடமும் அம்மாவைப் பார்த்துத்தான் பேசுவார். "தூங்குறானா? சத்தம் போடறானா? மாத்திரை போடறானா?" அண்ணன் பக்கத்து நாற்காலியில்தான் உட்கார்ந்திருப்பான். அவனிடம் ஒரு கேள்வி வராது. மாத்திரை போட மாட்டேன்கிறான் என்று அம்மா அழுததும், "தெரியாம சாப்பாட்டுல கலந்து குடுத்துடுங்க" என்றார். பல வீடுகளில் இது நடக்கிறது. நாங்களும் செய்தோம். அம்மா மாத்திரையைச் சப்பாத்திக் கட்டையால் நுணுக்கி இரவு மோரில் கலந்து கொடுத்தார். ஏறக்குறைய இரண்டு வருடம்.

சத்தம் குறைந்தது உண்மை. ஆனால் அவன் நடை மாறிவிட்டது. கை வீசாமல், குறுகக் குறுக, எதையோ சுமந்துகொண்டு போகிறவன் மாதிரி நடந்தான். வாயோரம் எச்சில் ஒழுகும். அதோடு கூடவே இன்னொன்று. வீட்டில் தனக்கு விஷம் வைக்கிறார்கள் என்று குரல்கள் சொல்கின்றன என்றான். காலையும் மதியமும் வீட்டில் சாப்பிடுவதை நிறுத்திவிட்டான். அப்போதுதான் அம்மா உணவகம் புதிதாகத் திறந்திருந்தது, ஒரு ரூபாய் இட்லி. அங்கே போய் வரிசையில் நின்று சாப்பிட்டுவிட்டு வருவான். நாங்கள் எல்லோரும் அதை நோய் முற்றுகிறது என்றுதான் எடுத்துக்கொண்டோம். அவன் சொன்னதில் பாதி நிஜம் என்பது, நம்புங்கள், எங்களில் ஒருவருக்கும் உறைக்கவில்லை.

2014-ல் காசு கட்டுப்படியாகாமல் அரசு மருத்துவமனைக்கு மாறினோம். அங்கே ஒரு பெண் டாக்டர், ஐம்பது வயதிருக்கும். வெளியே பெஞ்சில் கூட்டம் நெருக்கியடிக்கிறது. சீட்டைப் பார்த்ததும் "இன்னைக்கு ஓபி முடிஞ்சதும் ஒரு மணிக்கு வாங்க, நிதானமாப் பேசலாம்" என்றார். கும்பல் வடிந்ததும் போனோம். அம்மா வழக்கம்போல முன்னால் போய் உட்கார்ந்து ஆரம்பித்தார். "அம்மா, நீங்க இப்படி வாங்க" என்று அம்மாவைச் சுவரோரப் பெஞ்சுக்கு அனுப்பிவிட்டு, அண்ணனை எதிர் நாற்காலியில் உட்கார வைத்தார்.

"உங்களைப் பட்டறையில என்னன்னு கூப்பிடுவாங்க?"

அவன் கொஞ்ச நேரம் பேசவில்லை. அப்புறம் "வெல்டர்னு" என்றான்.

அன்றிலிருந்து இடமாற்றலாகிப் போகும் வரை அவர் அண்ணனை "வெல்டர் சார்" என்றுதான் கூப்பிட்டார்.

ஓபி சீட்டின் பின்பக்கம் கையெழுத்துப் போடச் சொன்னார். போட்டான். டிரைவிங் லைசென்ஸ் இருக்கா என்று கேட்டு வாங்கி, அதிலிருந்த பழைய கையெழுத்துக்குப் பக்கத்தில் சீட்டை வைத்தார். நானும் எட்டிப் பார்த்தேன். அதே கையெழுத்து, பாதி அளவு. கடைசி எழுத்துக்கு வரும்போது எறும்பு சைஸ். "கை எப்பலேர்ந்து இறுக்கமா இருக்கு?" "ரெண்டு வருஷமா." "யார்கிட்டயும் சொல்லலையா?" "யாரும் கேக்கல." எழுந்து வந்து அவன் முழங்கையைப் பிடித்து மடக்கி நீட்டினார். கை விட்டு விட்டு, தட்டித் தட்டி மடங்கியது. "ராட்செட் மாதிரி இருக்கா மேடம்?" என்றான் அண்ணன். அவர் சிரித்துவிட்டார். "எங்க புஸ்தகத்துல பல்சக்கரம்னு போட்டிருக்கு, நீங்க சொல்றதுதான் சரி." பழைய வகை மாத்திரைகளில் சிலருக்கு இப்படிப் பார்க்கின்சன் நோய் போலவே உடம்பு இறுகுமாம், கையெழுத்து சிறுத்துப்போவது அதன் ஓர் அடையாளமாம். மாத்திரையை மாற்றினால் சரியாகும் என்றார். அவனைப் பார்த்துச் சொன்னார்.

அவன் உடனே, "நான்தான் மாத்திரையே போடறதில்லையே" என்றான்.

அறையில் ஒரு சத்தமில்லை. டாக்டர் அம்மாவைப் பார்த்தார். திட்டவில்லை, குரலை உயர்த்தவும் இல்லை. "அம்மா, நீங்களே சொல்லிடுங்க. நான் சொல்றதைவிட நீங்க சொல்றதுதான் சரி" என்றார். அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு, "மோர்லடா" என்றார். அண்ணன் திரும்பிப் பார்த்தான். நான் அடி விழும் என்றே நினைத்தேன். "அதான் எனக்கு மட்டும் தனி டம்ளர்ல வந்துச்சா" என்றான். அவ்வளவுதான்.

அன்றைக்கு டாக்டர் சொன்னதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். இனி எதிலும் கலக்கக் கூடாது. அவன் மாத்திரை அவன் கையில் இருக்க வேண்டும். தினமும் வேண்டாம் என்றால் இரண்டு வாரத்துக்கோ மாதத்துக்கோ ஒருமுறை போடும் ஊசி இருக்கிறது. எது வேண்டும் என்று அவனே சொல்லட்டும். ஒவ்வொன்றாலும் என்ன நன்மை, என்ன தொந்தரவு வரும் என்று அவனிடமே விளக்கினார். ஓலான்சபின் என்ற புது வகை மாத்திரை போட்டால் இறுக்கம் குறையும், தூக்கம் வரும், ஆனால் பசி எடுக்கும், எடை கூடும், சர்க்கரை வரலாம் என்பதையும் மறைக்கவில்லை. "கூடினா என்ன பண்றது?" என்று கேட்டான். "சேர்ந்து பாத்துக்கலாம், மாசாமாசம் அளப்போம்" என்றார். மேசை இழுப்பறையிலிருந்து இஞ்சு டேப்பை எடுத்தார். இடுப்பளவு 84 சென்டிமீட்டர். நம்மூர் ஆண்களுக்கு 90-க்கு உள்ளே இருக்க வேண்டுமாம்.

அண்ணன் வீட்டுக்கு வந்து 11 நாள் அம்மாவிடம் பேசவில்லை. ஆனால் மாத்திரையை நிறுத்தவும் இல்லை. காரணம் பெரிய தத்துவம் ஒன்றுமில்லை. டாக்டர் இறுக்கம் போகும் என்றார், போனது. அவர் முன்கூட்டிச் சொன்னது அப்படியே நடந்ததால், அடுத்து அவர் சொன்னதையும் நம்பினான். குரல்கள் முழுசாக நிற்கவில்லை. தெருமுனையில் யாரோ பேசுகிற அளவுக்கு ஒதுங்கிப்போயின.

எட்டு மாதத்தில் இடுப்பு 96 ஆனது. சொன்னபடியே எடை ஏறியது. வெறும் வயிற்றில் சர்க்கரை, கொழுப்பு எல்லாம் எடுத்துப் பார்த்தார். மெட்ஃபார்மின் என்ற சர்க்கரை மாத்திரையைச் சேர்த்தார். அவன் ஒரு நாளில் எத்தனை டீ குடிக்கிறான், எத்தனை சர்க்கரை, டீயோடு என்ன பஜ்ஜி என்று கணக்குக் கேட்டார். மனநல டாக்டர் ஏன் பஜ்ஜிக் கணக்கு கேட்கிறார் என்று எனக்கு அப்போது சிரிப்பாக இருந்தது. கடுமையான மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிட 10 முதல் 20 வருடம் முன்னதாகவே இறந்துவிடுகிறார்கள் என்கிறது உலக சுகாதார நிறுவனம். அதில் பெரும்பகுதி தற்கொலையால் அல்ல, இதய நோய், சர்க்கரை போன்ற உடம்பு வியாதிகளால். மனநோயாளி நெஞ்சு வலிக்கிறது என்று சொன்னாலும் அதையும் நோயின் கற்பனை என்று தள்ளிவிடுகிற உலகம் இது. அந்த இஞ்சு டேப்பை வைத்துத்தான் ஹோலிஸ்டிக் என்ற வார்த்தையை நான் புரிந்துகொண்டேன்.

இன்னொரு சம்பவம். 2015 கார்த்திகையில் சபரிமலைக்கு மாலை போடுகிறேன் என்றான். அப்பாவுக்குப் பயம், எனக்கும்தான். டாக்டர் வேண்டாம் என்று சொல்வார் என்று எதிர்பார்த்துப் போனோம். அவர் கேட்டது ஒன்றே ஒன்று: காலையில் குளிக்க எத்தனை மணிக்கு எழுந்திருக்க வேண்டும்? நாலு மணி என்றதும், ராத்திரி மாத்திரையை எட்டு மணிக்கே போட்டுவிட்டுப் படுக்கச் சொன்னார். தூக்கம் ஆறு மணி நேரத்துக்குக் கீழே போகக் கூடாது, மலைக்குப் போகும்போது குருசாமியிடம் மூன்று நாள் மாத்திரை கூடுதலாக இருக்கட்டும் என்றார். சரி என்று வந்தோம். பத்து நாளில் அண்ணன் பகலிலும் தூங்கி வழிய ஆரம்பித்தான். மாத்திரையைக் கூடப் போட்டுவிட்டானோ என்று பதறிப்போய் ஓடினோம். சீட்டைக்கூடப் பார்க்காமல், "வெல்டர் சார், பீடியை நிறுத்திட்டீங்களா?" என்றார்.

நிறுத்தித்தான் இருந்தான். அதுவரை நாளுக்கு ஒரு கட்டு பீடி. மாலை போட்ட அன்றே விட்டுவிட்டான். பீடி, சிகரெட் புகை நம் ஈரலில் ஒரு நொதியை முடுக்கிவிடுமாம், அந்த நொதி ஓலான்சபின், க்ளோசபின் போன்ற மருந்துகளைச் சீக்கிரமாகக் கரைத்துவிடுமாம். புகை நின்றால் அதே அளவு மாத்திரை ரத்தத்தில் அதிகமாக ஏறும். நிகோடின் அல்ல, புகைதான் காரணம். மாத்திரை அளவைக் குறைத்துக் கொடுத்தார். "மாலை கழட்டினதும் திரும்பப் பிடிச்சா மறைக்காம வந்து சொல்லுங்க, திட்ட மாட்டேன், அளவை மாத்தணும்" என்றார். தை பிறந்ததும் பிடித்தான். போய்ச் சொன்னான். அவரும் திட்டவில்லை. உங்கள் தம்பி புகைப்பவர் என்றால் இதை டாக்டரிடம் கண்டிப்பாகச் சொல்லுங்கள், அவர்கள் கேட்காவிட்டாலும்.

இனி அம்மா கதை. மூன்றாவதோ நான்காவதோ தடவை போனபோது டாக்டர் அம்மாவுக்கு ரத்த அழுத்தம் பார்த்தார். எகிறிக் கிடந்தது. "உங்க தங்கச்சி வீடு எங்கே?" "முசிறிங்க." "போய் எத்தனை நாளாச்சு?" அம்மா விரல் விட்டு எண்ணி, "நாலு வருஷம்" என்றார். முசிறி எங்கள் வீட்டிலிருந்து பஸ்ஸில் ஒன்றரை மணி நேரம்! ஓபி நோட்டில், அண்ணன் மாத்திரைகளுக்குக் கீழே, "தாயார்: மாதம் 2 நாள் முசிறி" என்று எழுதி முத்திரை குத்திக் கொடுத்தார். அந்த நோட்டு இன்னும் இருக்கிறது.

இது பாசத்துக்காகச் செய்தது மட்டும் இல்லை என்று பின்னால் அங்கிருந்த சமூகப் பணியாளர் சொல்லித் தெரிந்துகொண்டேன். லண்டனில் ஜார்ஜ் பிரவுன் என்ற சமூகவியலாளர் 1950-களிலேயே தொடங்கிய ஆராய்ச்சி இது. மருத்துவமனையிலிருந்து வீடு திரும்பிய நோயாளிகளில் யாருக்குத் திரும்ப நோய் வருகிறது என்று பார்த்திருக்கிறார்கள். ஓயாமல் குறை சொல்லும் வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கு அதிகம் வந்தது. அதோடு, அளவுக்கு மீறித் தாங்குகிற வீடுகளுக்குத் திரும்பியவர்களுக்கும் வந்தது. எங்கள் வீட்டில் இரண்டும் உண்டு. அப்பா, "ஆம்பளப் புள்ள உக்காந்து திங்குது" கட்சி. அம்மா, 31 வயதுப் பிள்ளைக்குத் தலைக்குத் தண்ணீர் ஊற்றிவிடுகிற கட்சி. அப்பாவை மாதம் ஒருமுறை அந்தச் சமூகப் பணியாளரிடம் உட்கார வைத்தார்கள். அப்பா முழுசாக மாறவில்லை. சத்தம் போடுவதற்கு முன்னால் வாசலுக்குப் போய்விடுகிற அளவுக்கு மாறினார். அதுவே எங்களுக்குப் பெரிய விஷயம்.

குடும்பத்தையும் சிகிச்சைக்குள் கொண்டுவருவது எங்கோ வெளிநாட்டிலிருந்து வந்த புதுப் பழக்கம் என்று நினைக்க வேண்டாம். அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் 1950-களில் டாக்டர் வித்யா சாகர் வளாகத்திலேயே கூடாரம் அடித்துக் குடும்பத்தாரை நோயாளியோடு தங்க வைத்தார். ஆள் பற்றாக்குறைதான் முதல் காரணம். தங்கிப் பார்த்தபோது நோயாளிகள் சீக்கிரம் தேறினார்கள், வீட்டாரும் நோயைப் புரிந்துகொண்டார்கள். வேலூர் சிஎம்சியின் பாகாயம் மனநல மையத்திலும் குடும்பத்தார் கூடத் தங்குவது பல பத்தாண்டுகளாக இருக்கும் வழக்கம். சென்னையில் டாக்டர் சாரதா மேனன் 1984-ல் மனச்சிதைவு நோய்க்கான 'ஸ்கார்ஃப்' அமைப்பைத் தொடங்கியபோதும் மாத்திரையோடு வேலை, தொழிற்பயிற்சி, குடும்பம் எல்லாம் சேர்த்துத்தான் பேசினார். கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனையைப் பல வருடம் நடத்தியவர் அவர். வெறும் மாத்திரையால் ஆகாது என்பது அவருக்குத் தெரியாமல் இருக்குமா?

வேலை விஷயத்தைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். டாக்டர் அவனை உடனே வெல்டிங்குக்கு அனுப்பவில்லை. உயரத்தில் ஏறும் வேலையும் நைட் ஷிப்டும் கூடாது என்றார். பட்டறை முதலாளி நல்லவர், அரை நாள் கிரைண்டிங், மார்க்கிங் கொடுத்தார். ஒன்றரை வருடம் கழித்துத் திரும்ப ஹோல்டரைப் பிடித்தான். முதல் நாள் அடித்த வெல்டை செல்போனில் படம் பிடித்துக்கொண்டு வந்து டாக்டரிடம் காட்டினான். அவருக்கு அதில் ஒன்றும் புரிந்திருக்காது, ஆனாலும் பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார்.

எல்லாம் சுபம் என்று முடிக்க முடியாது. 2017-ல் அந்த டாக்டர் மாற்றலாகிப் போனார். அடுத்து வந்தவரும் மோசமில்லை, ஆனால் அண்ணன் அவரிடம் ஒட்டவில்லை. 2018-ல் தானாக மாத்திரையை நிறுத்தி, நோய் திரும்ப வந்து, மூன்று வாரம் வார்டில் இருந்தான். கல்யாணம் ஆகவில்லை. குரல்கள் இன்னும் எப்போதாவது வரும். சில மாதம் மருந்து இருப்பில்லாமல் வெளியே வாங்கினோம். ஒரு நல்ல டாக்டரை நம்பியே எல்லாம் ஓடுகிற ஏற்பாட்டில் இந்தச் சிக்கல் இருக்கத்தான் செய்யும். ஆனால் அந்த 2018 அட்மிஷனுக்கு அவனாகவே வந்தான். கட்டித் தூக்கிப் போகவில்லை.

ஆகவே தம்பியை முதல் தடவை கூட்டிப்போகும்போது சுவரில் இருக்கும் சான்றிதழ்களையும் நுழைவாயில் புத்தர் சிலையையும் பார்க்காதீர்கள். டாக்டர் யாரைப் பார்த்துப் பேசுகிறார் என்று பாருங்கள். நீங்கள் முந்திக்கொண்டு பதில் சொல்லும்போது உங்களை நிறுத்துகிறாரா, விட்டுவிடுகிறாரா? மாத்திரையின் பக்கவிளைவை நீங்கள் கேட்காமலே சொல்கிறாரா? எடை, சர்க்கரை, தைராய்டு பார்க்கிறாரா? நேரமில்லாதது குற்றமில்லை, எங்கள் டாக்டருக்கும் முதல் நாள் தவிர ஏழெட்டு நிமிடத்துக்கு மேல் கிடைத்ததில்லை. யோகா, தியானம் எல்லாம் கூட இருந்தால் நல்லதுதான். ஆனால் கடுமையான நோய்க்கு மாத்திரையே வேண்டாம், எங்கள் முறையிலேயே குணப்படுத்திவிடுவோம் என்று ஹோலிஸ்டிக் பெயரில் யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

சட்டமும் நம் பக்கம் இருக்கிறது. 2017-ம் வருட மனநலப் பராமரிப்புச் சட்டப்படி சிகிச்சையைப் பற்றித் தெரிந்துகொள்ள நோயாளிக்கு உரிமை உண்டு. தன் சார்பில் பேச ஒருவரை அவரே நியமிக்கலாம். முடியாத நேரத்தில் எப்படி நடத்தப்பட வேண்டும், எப்படி நடத்தக் கூடாது என்று தெளிவாக இருக்கும்போதே எழுதி வைக்கலாம். அண்ணன் எழுதி வைத்திருக்கிறான். என்னைத்தான் நியமித்திருக்கிறான், அம்மாவை இல்லை. டாக்டர் கிடைக்கும்வரை இரவில் அவசரமாக யாரிடமாவது பேச வேண்டுமென்றால் 14416, அரசின் டெலி மானஸ் மனநல உதவி எண், இலவசம், 24 மணி நேரமும் உண்டு. தமிழில் பேசலாம்.

இப்போது அண்ணன் மாத்திரை டப்பாவை அவனே ஞாயிற்றுக்கிழமை நிரப்பி வைக்கிறான். வீட்டில் மூன்று வேளையும் சாப்பிடுகிறான், அம்மா கையால்தான். மோர் மட்டும் அவனே கலந்து குடிக்கிறான். அம்மாவும் ஒன்றும் சொல்வதில்லை, தயிரையும் டம்ளரையும் எடுத்து மேசையில் வைத்துவிட்டு அந்தப் பக்கம் போய்விடுவார்.